குருவி நெஞ்சில் ஒரு கட்டைவிரல்

அவள் கட்டைவிரலை ஒரு குருவியின் நெஞ்சில் வைத்தால் போதும், அது முந்தாநாள் எந்த மரத்தில் எந்தப் புழுவைத் தின்றது, பிடிபட்டபோது புழு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பது வரை சொல்லிவிடுவாள். சரி, புழு பார்த்த பக்கம் கொஞ்சம் கூடுதல்தான். மரமும் கூடுதல். மிச்சம் இருப்பது உண்மை. பதினொரு கிராம் எடையுள்ள ஒரு காட்டுக் குருவி நேற்று வயிறாரத் தின்றதா, மூன்று நாளாகத் தன் சதையையே தின்று உயிர் பிடித்திருக்கிறதா என்பதை அந்த விரல் ஒரு மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிடும். பதினான்கு வருடத்தில் இருபத்தோராயிரம் குருவி. இந்த எண்ணில் கூடுதல் எதுவும் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

அந்தப் பதிவேடு இருக்கும் ஆய்வு நிலையம் ஒரு காட்டின் ஓரத்தில் தகரக் கூரையோடு நிற்கிறது. கீழே அளவை அறை, சாமான் அறை, எப்போதும் சொட்டும் குழாயோடு ஒரு சின்ன சமையலறை. மேலே இயக்குநர் அறையும் கணினிகளும். நடுவே பதினேழு படி. அளவை அறையில் ஒரு நீள மேசை, ஒரு ஜன்னல், சுவரில் வரிசையாகப் பதினைந்து கொக்கி. காலை ஆறரைக்கெல்லாம் அந்தக் கொக்கிகளில் துணிச் சுருக்குப்பைகள் தொங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு குருவி படபடத்துக்கொண்டு நம் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருக்கும். மரங்களுக்கு நடுவே கட்டிய, தலைமுடியை விட மெல்லிய வலையில் விழுந்தவற்றை வலைக்காரர் சிக்கெடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள். குருவியின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அணைத்துப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி, இறக்கையை அளந்து, வயிற்றில் வாயால் ஊதி இறகை விலக்கிக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்து, கடைசியாக நெஞ்சின் குறுக்கே கட்டைவிரலை ஓட்டுவாள். குருவியின் நெஞ்சு நடுவே ஓர் எலும்பு முகடு ஓடும். அதன் இரண்டு பக்கமும் பறப்பதற்கான சதை. சதை உருண்டு திரண்டு எலும்பே தட்டுப்படாவிட்டால் அவள் எழுதும் மதிப்பு மூன்று. சதையும் எலும்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டு. நடுவில் வரப்பு தட்டினால் ஒன்று. கத்தி முதுகைத் தடவியது போல இருந்தால் பூஜ்யம்.

நீண்ட மழைக்காலத்தில்தான் பூஜ்யம் வரும். நாள் கணக்கில் மழை அடித்தால் பூச்சிகள் எங்கேயோ ஒளிந்துகொள்ளும். குருவியின் கொழுப்பு ஓர் இரவுக்குத்தான் தாங்கும். அதன் பிறகு பறக்கிற சதையையே எடுத்து எரிக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே எஞ்சினைக் கழற்றி அடுப்பில் போடுவது மாதிரி. வேடிக்கை என்னவென்றால், மழை விட்டு மூன்று வாரம் ஆனால் அதே குருவிக்கு நெஞ்சு பழையபடி உருண்டுவிடும். படுக்கையில் இரண்டு மாதம் கிடந்த மனிதனுக்கு இழந்த சதையைத் திரும்பக் கொண்டுவர வருடமாகிறது, சிலருக்கு வருவதே இல்லை. இந்தக் குருவிக்கு மட்டும் எப்படி? அதைக் கண்டுபிடிக்கத்தான் நிலையம் ஒரு மருத்துவமனையின் தசைநோய்ப் பிரிவோடு சேர்ந்து ஆய்வு நடத்தியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்பும். எந்தக் குருவி எவ்வளவு இளைத்திருந்தது என்று சொல்ல அவளுடைய கட்டைவிரல்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயதாகும்போது ஒருநாள் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான். பத்து வயது மூத்தவன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன்.

"போன வாரம் என் வீட்டுக்கு வந்தப்போ வாசல் படியில தொடைமேல கைய ஊனி ஏறினியே, அது எத்தன நாளா?"

"படி உயரம்."

"படி அதே படிதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். போய் டாக்டரப் பாரு."

பார்த்தாள். அண்ணனுக்கு இருக்கும் அதே தசை நலிவு நோய். மருத்துவர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. இடுப்பு, தொடை, அப்புறம் தோள். இந்த வரிசையில் மெல்ல மெல்லப் போகும். கைவிரலுக்குக் கடைசியில்தான் வரும், வராமலேயும் இருக்கலாம்.

"அப்போ என் வேலைக்கு வேண்டியது கடைசியிலதான் போகும்," என்றாள் அவள்.

"மாடிப்படி கஷ்டமாகும் அம்மா."

"மாடியில குருவி கிடையாது டாக்டர்."

செய்தி பரவியதும் உறவு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. ஓரகத்தி மட்டும் வந்தவள் போகவில்லை, உட்கார்ந்து உச்சுக் கொட்டினாள். "பாவம்டி. உன் சதையே கரையுது, நீ போய் குருவிக்குச் சதை இருக்கா இல்லையான்னு தடவிப் பாத்துட்டிருக்க."

"நீங்க போற கண் டாக்டரு கண்ணாடி போட்டிருக்காரே அக்கா, அவருகிட்ட காட்டாமலா இருக்கீங்க?"

ஓரகத்தி அதன் பிறகு மூன்று மாதம் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவளுடைய கணவர் கடைசல் பட்டறைக்காரர், இரும்பைக் கடைந்து மரையும் தண்டும் செய்கிறவர், அதிகம் பேசாதவர். "அக்காவ இன்னொரு தடவ கூப்பிட்டு இதையே சொல்லேன், இன்னும் மூணு மாசம் கிடைக்கும்," என்று மட்டும் சொன்னார்.

அப்படியே நாலு வருடம் ஓடியது. நடை கொஞ்சம் அசைந்தது. மேல் அலமாரிக்குக் கை எட்டாமல் போனது, அதனால் அலமாரியில் இருந்ததெல்லாம் கீழே இறங்கிவந்தது. கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எதைப் பேசினாலும் "மொத்தத்துல பாத்தா" என்றுதான் தொடங்குவார். வந்த இரண்டாம் வாரமே நிலையத்தில் அவருக்கு 'மொத்தத்துல' என்று பெயர் விழுந்துவிட்டது. கூடவே ஒரு புதுத் தராசு வந்தது. கொக்கியில் குருவியைப் பையோடு மாட்டினால் எடை கம்பி வழியாக நேரே மாடியில் இருக்கும் கணினிக்குப் போய்விடும். எழுத வேண்டாம், கழிக்க வேண்டாம். கணினியைப் பார்த்துக்கொண்டவர் புள்ளிவிவரக்காரர். அவருக்குப் பெயர் 'புள்ளி'. சாதுவான மனிதர். தேநீர் குடிப்பதற்கு முன்னால் கோப்பையைக் கூட இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பார்.

விட்டு விட்டுப் பெய்த மழை தொடங்கிப் பத்து நாள் கழித்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்காக எல்லாரும் அளவை அறையில் கூடினார்கள். இயக்குநர் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். மேலே ஒரு கோடு பலகை மாதிரி நேராகப் போனது. கீழே ஒரு கோடு கிணற்றில் விழுந்த கல் மாதிரி இறங்கியது.

"மொத்தத்துல பாத்தா, மேல இருக்கிறது தராசு சொன்ன எடை. மழையிலயும் குருவிங்க எடை குறையல. கீழ இருக்கிறது விரல் மதிப்பு. அது மூணுலேருந்து பூஜ்யத்துக்குப் போயிடுச்சு. ரெண்டுல ஒண்ணு தப்பு."

வலைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். ரத்தம் எடுக்கும் ஆராய்ச்சிப் பெண், எல்லாரும் 'ஊசி' என்று கூப்பிடுகிறவள், தன் ஊசிப் பெட்டியைப் பார்த்தாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்றார் இயக்குநர். "விரல்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். உடம்பு நிலையப் பொறுத்தும் மாறும். தராசுக்கு நோய் வராது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "தராசுக்கு வராது சார். அதப் படிக்கிறவங்களுக்கு வரும்."

அதற்குப் பதிலாக உத்தரவுதான் வந்தது. அது வரைக்கும் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொடர்ந்து மூன்று நாள் மழை அடித்தால் வலையை மடித்துவிடுவார்கள். ஒன்று அல்லது பூஜ்யம் என்று விரல் சொன்ன குருவியிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள், உடனே விட்டுவிடுவார்கள். பத்தொன்பது நாள் அடைமழை அடித்த ஒரு வருடத்தில் வலையை மடிக்காமல் விட்டு, காலையில் பைக்குள் செத்துக் கிடந்த குருவிகளைப் பார்த்த பிறகு வந்த வழக்கம் அது. இனி அது வேண்டாம் என்றார் இயக்குநர். எடைதான் குறையவில்லையே. மழையிலும் வலை விரிக்கலாம், எல்லாக் குருவியிடமும் ரத்தம் எடுக்கலாம், நாற்பது நிமிடம் வைத்திருந்து இரண்டாம் முறையும் எடுக்கலாம். விரல் மதிப்பை எழுதும் கட்டம் மாதக் கடைசியோடு நின்றுவிடும்.

கட்டம் நின்றால் அந்த மேசையில் அவளுக்கு என்ன வேலை? வளையம் மாட்ட யாரும் பழகிக்கொள்ளலாம். பதினான்கு வருடமாக அவள் எழுதியதெல்லாம் நோயாளியின் தடவல் என்று ஆகிவிடும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் பத்து தடவை தன் கட்டைவிரலைத் தன் ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை. மழை விடவில்லை. கொக்கியில் ஏழு பை. மூன்றாவது பையில் ஒரு புருவக்காரி. கண்ணுக்கு மேல் மஞ்சள் கோடு ஓடும் ஒரு சின்னக் குருவியை நிலையத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எடை பதினொன்றே கால் கிராம் என்று மாடியிலிருந்து புள்ளி குரல் கொடுத்தார். நல்ல எடை. அவள் விரலை ஓட்டினாள். கத்தி முதுகு. இன்னொரு தடவை ஓட்டினாள். கத்தி முதுகேதான். குருவி கொத்தக்கூட இல்லை. கொத்தாத புருவக்காரியை அவள் அந்தப் பதினான்கு வருடத்தில் பத்துக்கு மேல் பார்த்ததில்லை.

"குடுங்க அக்கா," என்று ஊசி கை நீட்டினாள்.

அவள் எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். கூரைக்கு அடியில் நனையாத இடமாகப் பார்த்து உள்ளங்கையை விரித்தாள். குருவி ஒரு நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தது, பிறகு பறந்து புதருக்குள் போய் மறைந்தது.

"ஐயோ அக்கா! இன்னும் எடுக்கலயே!"

"எடுக்கிறதுக்கு அதுல என்னம்மா இருக்கு?"

இயக்குநர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கோபத்தில் 'மொத்தத்துல' என்று தொடங்க மறந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க நீங்க? பதினொண்ணே கால் கிராம் குருவிய ஏன் விட்டீங்க?"

"பூஜ்யம் சார்."

"உங்க கைக்குப் பூஜ்யம்! அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்த ஆய்வே நடக்குது. நாளைக்கு இந்த ரத்தத்துலேருந்து ஒரு மருந்து வந்தா மொதல்ல யாருக்கு லாபம்?"

அறையில் இருந்த ஏழு பையும் துடிப்பதை நிறுத்தியது போலிருந்தது. ஒன்று காலி, ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

"எனக்காகன்னா, என் பேரச் சொல்லித் தப்பா அளக்காதீங்க சார்," என்றாள் அவள். "கொழுத்த குருவின்னு எழுதி இளைச்ச குருவியோட ரத்தத்த அனுப்பினா, அதுலேருந்து வர்ற மருந்த நீங்களே குடிச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை முதல் அவளுக்குச் சாமான் அறை. மேசையில் ஊசி உட்கார்ந்தாள். சாமான் அறையில் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கிழிந்த வலையை எடுத்து வைக்க வேண்டும், சுருக்குப்பைகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும். நூற்று முப்பது பை. குருவிகளுக்குப் பைக்குள் மரியாதை தெரியாது என்பதால் தினமும் துவைக்க வேண்டும்.

முதல் நாள் அவள் யாரோடும் பேசாமல் துவைத்தாள். பைகளை அடித்த அடியில் சிலவற்றின் தையல் விட்டது. இரண்டாம் நாள் வலைக்காரர் பை கேட்டு வந்தார்.

"எதுவுமே காயலையே அக்கா."

"மழைக்கு எங்க காயும்? பிழிஞ்சு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க."

"காட்டுக்குள்ள போனா இன்னும்தான் நனையும். போன வாரமும் இதே கதைதான். துணி கல்லு மாதிரி கனக்குது."

அவர் போய்விட்டார். அவள் கையில் ஒரு பை இருந்தது. கல் மாதிரி என்பது அதிகம். ஆனால் கனக்கத்தான் செய்தது. விரல் நுனியில் அதை ஆட்டிப் பார்த்தாள். பதினொரு கிராம் குருவியில் அரை கிராம் வித்தியாசத்தை அறிந்த கைக்கு அந்தக் கனம் உறுத்தியது.

பழைய நாளில் குருவியைப் பையோடு தராசில் மாட்டி எடை எழுதுவார்கள். குருவியை எடுத்த பின் வெறும் பையை மாட்டி அதன் எடையையும் எழுதுவார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குருவி. ஒவ்வொரு குருவிக்கும் இரண்டு தடவை. புதுத் தராசு வந்தபோது அந்த இரண்டாவது தடவையை எடுத்துவிட்டார்கள். பைக்கு ஒன்பது கிராம் என்று கணினியே கழித்துக்கொள்ளும். "அப்பாடா, ஒரு வேலை மிச்சம்," என்று அன்றைக்குச் சொன்னது வேறு யாரும் இல்லை, அவளேதான். அதை நினைத்துக்கொண்டு சாமான் அறையில் தனியாக நின்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அந்த ஒன்பது கிராமும் பொய் இல்லை. புள்ளி கோடையில், மின்விசிறிக்குக் கீழே, இஸ்திரி போட்டது போல் உலர்ந்த ஐம்பது பையை ஒவ்வொன்றாக நிறுத்துச் சராசரி பார்த்துப் போட்ட ஒன்பது. அவ்வளவு கவனமான மனிதருக்கு மழையில் துணி நனையும் என்பது மட்டும் தோன்றவில்லை. குருவி நிறுக்கும் நேரத்தில் அவர் அளவை அறைக்கு இறங்கி வந்ததே மாதம் ஒரு தடவைதான்.

பரணில் போடாமல் கீழ்த்தட்டில் கிடந்த பழைய வில்தராசை எடுத்தாள். முதல் பை பதினொன்று. இரண்டாவது பதினொன்றரை. காட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு பை பன்னிரண்டைத் தொட்டது. குருவி இழந்த இரண்டு கிராம் சதைக்குப் பை இரண்டு கிராம் தண்ணீரைக் குடித்து ஈடு கட்டியிருந்தது. அதனால்தான் மாடியில் அந்தக் கோடு பலகை மாதிரி நேராக இருந்திருக்கிறது.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்க பட்டறையில அளவு தப்புச்சுன்னா மொதல்ல அளவுகோலத்தான் அளப்போம். ஆள் மேல கை வைக்க மாட்டோம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளி நல்ல ஆளா?" என்று கேட்டார்.

"நல்ல ஆளுதான். பாவம், ரொம்ப நல்ல ஆளு."

"அப்போ மொதல்ல அவருகிட்ட தனியா சொல்லிடேன். எல்லார் முன்னாடியும் அவமானப்பட வேணாம்."

"என்னைய எல்லார் முன்னாடியும்தானே சொன்னாங்க. எல்லார் முன்னாடியும்தான் திருப்பித் தருவேன்."

"நான் மேல இருக்கிறவரச் சொல்லல. புள்ளியச் சொல்றேன்."

அவள் யோசித்தாள். யோசித்தும் மனம் மாறவில்லை. அதை நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தை இயக்குநர் மாடியில் தன் அறையில் வைத்தார். கீழே வைத்திருந்தால் அவள் வருவாள் என்பதால் மாடியில் வைத்தார் என்று வலைக்காரர் இன்று வரை சத்தியம் செய்கிறார். அது அவருடைய கருத்து. எப்படியோ, சாமான் அறைக்காரிக்கு அழைப்பு இல்லை.

அவள் முப்பது ஈரப்பைகளை ஒரு வாளியில் போட்டாள். வில்தராசைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படியடியில் வந்து நின்றாள். வலைக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, கையக் குடுங்க."

"வாளியப் பிடிங்க. கை எனக்கு வேணும்."

பதினேழு படி. இடது கை கம்பியில், வலது கை தொடையில். ஒவ்வொரு படியிலும் தொடையை ஊன்றித் தன்னைத் தானே மேலே தள்ளினாள். ஐந்தாவது படியில் ஒரு தடவை நின்றாள், பதினோராவது படியில் இரண்டு தடவை. கீழே அவள் கால் வைத்தபோது மேலே படம் காட்டத் தொடங்கியவர்கள், அவள் மேலே வருவதற்குள் தேநீர் குடித்து, படம் முடித்து, அடுத்த வருடத் திட்டத்தையும் போட்டு, மூன்று பேருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. தாடி கூடுதல். தேநீர் உண்மை.

கதவு திறந்ததும் இயக்குநர் பேச்சை நிறுத்தினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உட்காருங்க அம்மா, மொதல்ல உட்காருங்க," என்று தன் எதிரே இருந்த மெத்தை சோபாவைக் காட்டினார்.

"வேணாம் சார். நின்னே சொல்றேன்." புள்ளியைப் பார்த்தாள். "நீங்க வந்து இந்தத் தராசப் படிங்க. எனக்குத்தான் நோய், என் கண்ணையும் நம்ப மாட்டாங்க."

புள்ளி எழுந்து வந்தார். அவள் ஒரு பையை வாளியிலிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"என்ன இருக்கு?"

"பதினொண்ணு புள்ளி மூணு."

"உள்ள குருவி இருக்கா?"

"இல்ல."

"இது?"

"பத்து புள்ளி ஒம்போது."

"இது?"

"பன்னெண்டு." புள்ளியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆறாவது பையோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒம்போதுன்னு நான்தான் போட்டேன்," என்றார் யாரிடமும் இல்லாமல். "காய்ஞ்ச பை."

மீதிப் பைகளையும் அவள் விடவில்லை. முப்பதையும் மாட்டினாள், முப்பதையும் அவரைப் படிக்க வைத்தாள். இயக்குநரின் மேசை விரிப்பில் தண்ணீர் சொட்டி ஒரு குளம் கட்டியது. புள்ளி கணினியில் உட்கார்ந்து, மழை நாட்களுக்கெல்லாம் ஒன்பதுக்குப் பதில் பதினொன்றே காலைப் போட்டார். வியாழக்கிழமைப் புருவக்காரி பதினொன்றே காலிலிருந்து ஒன்பதுக்கு இறங்கினாள். மேலே பலகை மாதிரி இருந்த கோடு ஒவ்வொரு நாளாகச் சரிந்து சரிந்து வந்து விரல் கோட்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

ஊசிதான் முதலில் வாயைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமையிலேருந்து ரெண்டு குருவி என் கையில செத்துச்சு சார். எடை நல்லாத்தானே இருக்குன்னு... நான் உங்ககிட்ட சொல்லல."

அவள் ஊசியைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுதான் மேலே வந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கண் நிரம்பி இருந்தது, அதனால் அந்தப் பங்கையும் சேர்த்து இயக்குநரிடமே கொடுத்தாள்.

"வலைய இன்னிக்கே மடிக்கணும் சார். விரல் ஒண்ணுன்னோ பூஜ்யம்னோ சொன்ன குருவிகிட்ட ரத்தம் எடுக்கக் கூடாது. பையத் தனியா நிறுக்கணும், ஒவ்வொரு தடவையும். விரல் கட்டம் இருக்கணும். விரல்ல சந்தேகம்னா இன்னொருத்தர உட்கார வெச்சு, ரெண்டு பேரும் ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாக்காம எழுதுவோம். நான் பயப்படல. நாளைக்கு என் விரலுக்கே ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல எழுதிக் குடுக்கிறது நானாத்தான் இருப்பேன். அது வரைக்கும் அந்த மேசை என்னோடது."

வலையை அன்றே மடித்தார்கள். மழை இன்னும் ஒன்பது நாள் அடித்தது. விட்டு மூன்று வாரம் கழித்து வலை விரித்தபோது, வளையம் போட்ட பழைய குருவிகளில் பாதிக்கு மேல் நெஞ்சு உருண்டு திரும்பி வந்தன. ஜன்னல் வழியாக அவள் விட்ட புருவக்காரி அதன் பிறகு எந்த வலையிலும் விழவில்லை. பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. எப்படி அந்தச் சதை திரும்ப வருகிறது என்பதும் இன்னும் யாருக்கும் தெரியாது. ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அவள் தொடையும் இளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையின் முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது. அவள் பேசி முடித்ததும் இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து அறை முழுக்க எழுந்து நின்றது. மேசையைச் சுற்றி அவள் எதிரே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சிடுங்க அம்மா, நோய் என் தராசுக்குத்தான்," என்று தழுதழுத்தார்.

நான் எழுதியதை வாசித்துக் காட்ட, இது வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மருமகள், இந்தக் கதைக்காரி, இந்த இடத்தில் கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எங்க அத்தை எழுந்தாரு? தழுதழுக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. விரிப்புல இருந்த தண்ணியத் துடைச்சுக்கிட்டே, 'சரி, நாளையிலேருந்து மேசைக்கு வந்துடுங்க'ன்னாரு. தலையக்கூடத் தூக்கல. அந்த அறையில கடைசி வரைக்கும் நின்னது நான் ஒருத்திதான். அந்த மெத்தையில உட்கார்ந்திருந்தா யாராவது கை குடுத்தாத்தான் நான் எழுந்திருக்க முடியும். அவரு கையப் பிடிச்சு எழுந்திருக்க எனக்கு இஷ்டமில்ல. அதான் முக்கா மணி நேரமும் நின்னேன். அத எழுதுங்க."